ஒரே சண்டை, இரண்டு வழக்கு: செலவு யார் தலையில் விழுந்தது?

இது கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே, விளவங்கோடு வட்டத்தில் நடந்த ஒரு வழித்தகராறு. 2016-ல் தொடங்கி 2019 கடைசியில் முடிந்தது. இதில் ஒரு தரப்புப் பெண்ணுக்கு வட்ட சட்டப் பணிகள் குழு நியமித்த வழக்கறிஞராக நான் இருந்தேன். இரு வீட்டாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், காவல் நிலையம், நீதிமன்றம் எதையும் சொல்லவில்லை. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வழி யாருக்குச் சொந்தம் என்பது இங்கே பேச்சல்ல. பணம் எந்தெந்த வழியில் போனது, அதில் எது திரும்பி வந்தது, ஏன் என்பதுதான் பேச்சு.

பின்னணி

ஒரு வீடு பால்வெட்டுத் தொழிலாளியுடையது. அடுத்தவர் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டுவார், மரக் கணக்கில் கூலி. மனைவி முந்திரி உடைக்கும் அண்டி ஆபீசுக்குப் போகிறவர். மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வளைகுடா வேலைக்கு விசா எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வீடு ஜங்ஷனில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவருடையது. பஞ்சாயத்து ரோட்டிலிருந்து பால்வெட்டுக்காரர் வீட்டுக்குப் போக, கடைக்காரரின் புரையிடத்து (வீட்டு மனை) ஓரமாக மூன்றடி நடைவழி உண்டு. பத்திரத்தில் அது தெளிவாக இல்லை.

2016 ஆகஸ்டில் கடைக்காரர் அந்த ஓரத்தில் கையாலை (மதில்) கட்டத் தொடங்கினார். காலையில் பாலெடுத்துத் திரும்பிய தகப்பனும் மகனும் தடுத்தார்கள். வாய்ச்சண்டை கைகலப்பானது. கடைக்காரரின் விரலில் அடி. பால்வெட்டுக்காரரின் மனைவியைப் பிடித்துத் தள்ளியதில் அவருக்குத் தோளிலும் முழங்கையிலும் காயம். அக்கம்பக்கத்தார் விலக்கிவிட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பால்வெட்டுக்காரரின் அண்ணன் பல வருஷங்களுக்கு முன்னால் முன்சீப் கோர்ட்டில் ஒரு எல்லை வழக்கு நடத்தி ஜெயித்தவர். அந்தத் தீர்ப்பில் செலவுத் தொகையும் கிடைத்தது. சிவில் வழக்கில் அப்படித்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 35-ஆம் பிரிவின்படி தோற்றவர் ஜெயித்தவரின் செலவைக் கொடுப்பது பொது விதி. திருவிதாங்கூர்க் காலத்திலிருந்தே நிலத்துக்காகக் கோர்ட் ஏறிப் பழகிய பகுதி இது. ஜெயித்தால் செலவு வரும் என்ற நம்பிக்கை அந்தக் குடும்பத்தில் வேரூன்றியிருந்தது. பின்னால் அவர்கள் எடுத்த பல முடிவுகளுக்கு அடியில் இந்த நம்பிக்கை இருந்தது.

முதல் வாரம்

கடைக்காரர் நேராக ஒரு தனியார் மருத்துவமனையில் போய்ப் படுத்தார். அங்கிருந்து தகவல் ஸ்டேஷனுக்குப் போனது. எக்ஸ்ரேயில் விரலெலும்பு முறிவு. பால்வெட்டும் கத்தியால் வெட்டினார்கள் என்று வாக்குமூலம். ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் என்று இந்திய தண்டனைச் சட்டம் 326-ஆம் பிரிவில் தகப்பன், மகன் இருவர் மேலும் எஃப்.ஐ.ஆர். பதிவானது. ஜாமீனில் விட முடியாத பிரிவு அது.

பால்வெட்டுக்காரரின் மனைவி அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு மாலையில் ஸ்டேஷனுக்குப் போனார். அவருடையது சாதாரணக் காயம், 323-ஆம் பிரிவு. போலீஸ் தானாகப் பதிவு செய்து விசாரிக்க முடியாத வகை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, கோர்ட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார்கள். சட்டப்படி அது தவறான பதில் இல்லை. ஆனால் அந்த ரசீதே வழக்கு என்று அவர் நினைத்துவிட்டார். மாதக்கணக்கில் அதை மடித்துப் பையில் வைத்திருந்தார்.

அந்த ஒரு நாளிலேயே செலவின் கணக்கு பிரிந்துவிட்டது. கடைக்காரரின் புகார் அரசின் வழக்காகிவிட்டது. புலன்விசாரணை, சாட்சிகளுக்குச் சம்மன், வாதாட அரசு உதவி வழக்கறிஞர் எல்லாம் அரசு செலவு. புகார் கொடுத்தவர் கையிலிருந்து ஒரு ரூபாய் போக வேண்டியதில்லை. சாட்சியாக வந்துபோவதற்குப் படி கேட்கவும் வழி உண்டு. மனைவியின் புகாரோ தனிநபர் புகார். வழக்கை எடுத்துப்போக வேண்டியவர் அவர், அழைப்பாணைக் கட்டணம் கட்ட வேண்டியவர் அவர், சாட்சிக்கு டாக்டரை வரவழைக்கப் பணம் கட்ட வேண்டியவரும் அவர். குற்றம் நடந்த இடம் ஒன்று, நேரம் ஒன்று. காயத்தின் தரம்தான் வேறு.

மறுநாள் காலை மகனைப் பிடித்தார்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியபோது, வக்கீல் இருக்கிறாரா, இலவசமாக ஏற்படுத்தித் தரவா என்று கேட்கப்பட்டது. "வீட்ல பாத்துக்கிடுவாங்க" என்று அவன் சொல்லிவிட்டான். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-ன் 12-ஆம் பிரிவுப்படி இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. கேள்வி கேட்கப்பட்டதும் உண்மை, அது அவனுக்குப் புரியவில்லை என்பதும் உண்மை. இலவசம் என்றால் பேருக்கு ஒரு ஆள் வந்து நிற்பார் என்று அவன் நினைத்திருக்கிறான். விலங்கோடு நிற்கிற இருபத்துநாலு வயதுப் பையனிடம் ஒரு வரியில் கேட்டால் இதைவிட நல்ல பதிலை எதிர்பார்க்கவும் முடியாது.

பணம் போன வழிகள்

குடும்பம் ஒரு தனியார் வழக்கறிஞரைப் பிடித்தது. அவர் திறமையானவர், வாங்கிய கட்டணமும் இந்தப் பகுதி வழக்கத்துக்கு மேல் இல்லை. மகனுக்கு ஜாமீன், கீழ்க்கோர்ட்டில் தள்ளுபடியாகி நாகர்கோவில் அமர்வு நீதிமன்றத்தில் கிடைத்தது: 20,000 ரூபாய். தகப்பனுக்கு முன்ஜாமீன்: 25,000. மனைவியின் சங்கிலியைப் பணயம் வைத்து இந்த இரண்டையும் கொடுத்தார்கள். அப்புறம் ஜாமீன்தாரர்கள். ஒருவர் சொந்தக்காரர், இன்னொருவருக்கு வீட்டுவரி ரசீதோடு வந்து நிற்பதற்கே கைச்செலவு. விசாரணைக்கென்று 40,000 பேசி, தவணையாகக் கொடுத்துவந்தார்கள். மனைவியின் தனிநபர் புகாரை எழுதித் தாக்கல் செய்ய 10,000. மற்றதெல்லாம் சேர்த்து மூன்று வருஷத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது.

ரசீதில் வராத செலவு இதைவிட வலித்தது. ஜாமீன் நிபந்தனை, தினமும் காலை 10 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. பால்வெட்டு விடியுமுன் தொடங்கும் வேலை. வெட்டிவிட்டுக் காத்திருந்து, சிரட்டையில் நிறைந்த பாலை எடுத்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, சீட் அடித்துப் போடுவதற்குள் முற்பகல் ஆகிவிடும். பத்து மணிக்கு ஸ்டேஷனில் நிற்க வேண்டுமென்றால் பாதி மரத்தை விட வேண்டும். ஒரு தோட்டக்காரர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். அப்புறம் வாய்தாக்கள். வக்கீல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 317-ஆம் பிரிவில் மனு போட்டால் ஒரு நாள் வராமல் இருக்கலாம், ஒவ்வொரு முறையும் போட முடியாது.

மகனுக்கு வேறு சிக்கல். பாஸ்போர்ட் காலாவதியாகும் நேரம். குற்ற வழக்கு நிலுவையில் இருக்கும்போது கோர்ட் அனுமதி இல்லாமல் புதுப்பிப்பது எளிதல்ல. அனுமதி மனு போட்டு, உத்தரவு வாங்கி, அதைக் கொண்டுபோய்க் கொடுத்து முடிப்பதற்குள் பேசிவைத்த விசா கைமாறிவிட்டது. மனுவுக்கு ஆன செலவு 8,000. விசாவுக்கு யார் விலை போடுவது?

கடைக்காரரும் சும்மா இருக்கவில்லை. கவர்மென்ட் வக்கீலுக்கு நூறு வழக்கு, நம் வழக்கை எங்கே பார்க்கப்போகிறார் என்று யாரோ சொல்ல, அவர் தன் செலவில் ஒரு வழக்கறிஞரை வைத்தார். அப்படி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த வழக்கறிஞர் அரசு வழக்கறிஞரின் சொற்படிதான் நடக்க வேண்டும். சாட்சியம் முடிந்த பிறகு கோர்ட் அனுமதித்தால் எழுத்துமூலம் வாதம் கொடுக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 301-ஆம் பிரிவு அவ்வளவுதான் தருகிறது. இதற்கு அவர் செலவழித்தது 60,000 ரூபாய் என்று பிற்பாடு சமரசப் பேச்சில் அவரே சொன்னார். அந்தப் பணத்தில் வழக்கின் போக்கு எங்கேயாவது மாறியதாக எனக்குத் தெரியவில்லை.

கோப்பு என் கைக்கு வந்தபோது

2017 கடைசியில் மனைவி சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்கு வந்தார். தவணை கொடுக்க முடியாமல் போன கட்டம். அண்டி ஆபீசில் கூட வேலை பார்த்த ஒரு பெண் சொல்லி வந்திருந்தார். பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே அவருக்கு உரிமை உண்டு, வருமானச் சான்று வேண்டாம் என்றதும் முதலில் நம்பவில்லை. வசதியுள்ள பெண்ணுக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

காகிதங்களைப் பரப்பிப் பார்த்ததில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. தனிநபர் புகார் சரியான நேரத்தில் தாக்கலாகியிருந்தது. 323-க்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டு என்பதால், புகாரைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டிய காலவரம்பும் ஓராண்டுதான். சி.எஸ்.ஆர். ரசீதை நம்பி இன்னும் சில மாதம் இருந்திருந்தால் அந்த வழக்கே இல்லை. முதல் வழக்கறிஞர்தான் அதைக் கவனித்து அவசரமாகப் போட்டிருக்கிறார். மாஜிஸ்திரேட் 323-ல் மட்டும் கோப்புக்கு எடுத்திருந்தார்.

அடுத்தது, கொடுத்த பணத்துக்கு ஆதாரம் குறைவு. புகாருக்குக் கொடுத்த 10,000-ல் 6,000-க்கு மட்டும் ரசீது இருந்தது. ஜாமீனுக்குக் கொடுத்ததற்கு ஒன்றும் இல்லை. கேட்க வாய் வரவில்லை என்றார். கிராமத்தில் வக்கீலிடம் ரசீது கேட்பது அவரை நம்பவில்லை என்று சொல்வதுபோல.

மூன்றாவது, எதிர்பார்ப்பு. "போலீஸ் கேஸ்ல நாங்க ஜெயிச்சா, ஆன செலவ எல்லாம் அவரு தரணும்லா சார்?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்தது வருத்தம் இல்லை, சந்தேகம். அண்ணனுக்குக் கிடைத்ததே!

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில் செய்தது, எந்தச் செலவு எந்த வழக்கில் எவ்வளவு திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு என்று குடும்பத்தை உட்காரவைத்துச் சொன்னது. அரசுத் தரப்பு வழக்கில் விடுதலையானால் அரசு செலவைத் தராது. புகார் கொடுத்தவரிடமிருந்து வாங்க முக்கிய வாசல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 250-ஆம் பிரிவு: குற்றச்சாட்டுக்கு நியாயமான அடிப்படையே இல்லை என்று மாஜிஸ்திரேட் கருதினால் இழப்பீடு தரச் சொல்லலாம். அன்றைய சட்டப்படி முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் விதிக்கக்கூடிய அபராதமான 10,000 ரூபாய்தான் அதற்கும் உச்சம். அடிப்படையில்லாமல் கைது செய்யவைத்தால் 358-ஆம் பிரிவில் இழப்பீடு, உச்சம் 1,000 ரூபாய். லட்சம் செலவழித்தவருக்கு இதைச் சொல்லும்போது கேட்பவர் சிரித்துவிடுவார். அவரும் சிரித்தார்.

தனிநபர் புகாரில் நிலைமை கொஞ்சம் வேறு. 359-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கோர்ட் வராந்தாக்களில் அதிகம் பேசப்படாத பிரிவு. போலீஸ் தானாக எடுக்க முடியாத குற்றத்துக்குக் கோர்ட்டில் நேரடியாகப் புகார் கொடுத்து, எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தண்டிக்கப்பட்டால், தண்டனையோடு சேர்த்து வழக்குச் செலவையும் புகார்தாரருக்குக் கொடுக்கும்படி உத்தரவிடலாம். அழைப்பாணைக் கட்டணம், சாட்சிச் செலவு, வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் அதில் அடங்கும். கொடுக்காவிட்டால் 30 நாள் வரை வெறுங்காவல். மாஜிஸ்திரேட்டின் விருப்புரிமை அது, கேட்காமல் வராது. ஆகவே அன்றிலிருந்து கட்டுகிற ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்கி ஒரே உறையில் போட்டுவரச் சொன்னேன். முதல் வழக்கறிஞரிடமும் போய்ப் பேசினேன். கைவசம் இருந்த 6,000 ரசீதை உறுதிப்படுத்தி ஒரு குறிப்பு கொடுத்தார், மீதிக்குக் கொடுக்கவில்லை. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

மனைவியின் வழக்கு இலவச உதவிக்கு மாறியது. தகப்பன், மகன் மீதான வழக்கையும் மாற்றலாமா என்று யோசித்தோம். தகப்பனின் வருமானம் வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் முதல் வழக்கறிஞர் அந்தக் கோப்பை நன்றாகப் படித்திருந்தார், பாக்கித் தவணையைக் குறைத்துக்கொள்ளவும் சம்மதித்தார். தவிர, மனைவிக்கு வாதாடுகிற நானே எதிர்வழக்கில் தற்காப்பும் செய்வது இரண்டையும் குழப்பிவிடும். மாற்றவில்லை.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்துவிடலாம் என்று ஒரு சொந்தக்காரர் அடித்துச் சொன்னார். எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே இருக்கிறது. கத்தியா, கல்லா என்பது சாட்சியம் கேட்டுத் தீர்க்க வேண்டிய விஷயம். இதை ரத்து மனுவில் தீர்க்க மாட்டார்கள். மதுரைப் பயணமும் கட்டணமும் சேர்ந்தால் மீண்டும் நகைதான் போகும். வேண்டாம் என்று நிறுத்தினோம். இந்த விவகாரத்தில் மிச்சமான பணம் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

விசாரணை

ஒரே சம்பவத்தில் வழக்கும் எதிர்வழக்கும் என்பதால் இரண்டையும் ஒரே நீதிபதி ஒன்றன்பின் ஒன்றாக விசாரித்து ஒரே நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அப்படித்தான் நடந்தது. இதனால் வாய்தாத் தேதிகளைச் சேர்த்து வாங்க முடிந்தது. குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி போவதோடு முடிந்தது.

தனிநபர் புகாரில் புகார்தாரர் வராவிட்டால் எதிரியை விடுதலை செய்துவிடலாம் என்பது 256-ஆம் பிரிவு. அதனால் அண்டி ஆபீசில் எத்தனை திட்டு வாங்கினாலும் மனைவி எல்லா வாய்தாவுக்கும் வந்தார். அரசு மருத்துவரை வரவழைக்கச் சாட்சிச் செலவு கட்டச் சொன்னபோது கட்டினார். அதே மருத்துவமனையின் காயச் சான்றிதழ் அவருக்குப் பலமாக நின்றது. பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்.

அரசுத் தரப்பு வழக்கில் தனியார் மருத்துவமனை மருத்துவரின் சாட்சியம்தான் திருப்பம். விரலெலும்பு முறிந்திருந்தது உண்மை என்றார். கத்தி வெட்டினால் தோலில் வெட்டுக்காயம் இருக்கும், இதில் இல்லை. கல்லின் மேல் விழுந்தாலும் இப்படி முறியலாம் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். கைப்பற்றியதாகச் சொன்ன கத்திக்குச் சாட்சியான இருவரும் பிறழ்சாட்சியானார்கள்.

தீர்ப்பு நாள்

2019 ஜூன். தகப்பனும் மகனும் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்யப்பட்டார்கள். 250-ஆம் பிரிவில் இழப்பீடு வேண்டுமென்று அவர்களின் வழக்கறிஞர் அங்கேயே எழுந்து கேட்டார். விடுதலை உத்தரவிலேயே புகார்தாரரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் அமைப்பு என்பதால், கேட்க வேண்டிய நேரம் அதுதான். நீதிபதி மறுத்தார். காயம் இருந்தது, கைகலப்பு நடந்தது, யார் எதனால் அடித்தார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை; மெய்ப்பிக்கப்படாததும் அடிப்படையே இல்லாததும் ஒன்றல்ல என்றார். சட்டப்படி இதில் குறை சொல்ல இடமில்லை. புகார் கொடுத்தவர் தோற்றதும் பணம் கட்ட வேண்டும் என்றால், உண்மையில் அடிபட்டவர்களே ஸ்டேஷன் படியேறப் பயப்படுவார்கள். அந்த வீட்டாருக்கு இந்த நியாயம் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

அடுத்து மனைவியின் வழக்கு. கடைக்காரர் 323-ல் குற்றவாளி. அபராதம் 1,000 ரூபாய். அந்தப் பிரிவுக்கு அன்று சட்டம் அனுமதித்த முழு அபராதமே அவ்வளவுதான். அதை 357-ஆம் பிரிவுப்படி இழப்பீடாக மனைவிக்குக் கொடுக்கச் சொன்னார். பிறகு எங்கள் செலவுப் பட்டியலை எடுத்தார். நாங்கள் கேட்டது 16,000-க்குச் சற்று மேல். அழைப்பாணைக் கட்டணம், சாட்சிச் செலவு, சான்றிட்ட நகல், ரசீதுள்ள 6,000 கட்டணம் ஆகியவற்றுக்கு மட்டும் 7,200 ரூபாய் கொடுக்க உத்தரவானது. ரசீதில்லாத 4,000 போயிற்று. கூலி இழப்புக்கும் பேருந்துக்கும் கேட்டது போயிற்று. அவை வழக்கு நடத்திய செலவுக்குள் வராது என்றார்.

ஆக ஒரே சண்டைக்கு, ஒரே நீதிபதி முன்னால், லட்சம் செலவழித்த வழக்கில் கிடைத்தது பூஜ்யம். பெரும்பகுதி இலவசமாக நடந்த வழக்கில் செலவுத்தொகை கிடைத்தது. வெளியே வந்ததும் பால்வெட்டுக்காரர், "பெரிய கேஸ்ல ஜெயிச்சதுக்கு ஒண்ணும் இல்ல, சின்ன கேசுக்குப் பைசா" என்றார்.

மேல்முறையீடும் சமரசமும்

கடைக்காரர் நாகர்கோவில் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். அபராதம் 1,000, செலவுத்தொகை 7,200 இரண்டையும் கீழ்க்கோர்ட்டில் கட்டிவிட்டுத்தான் போனார். அவருக்குத் தொகை பெரிதல்ல, தண்டனை பெற்றவர் என்ற பெயர்தான் பெரிது. இரு வீட்டுக்கும் பொதுவான ஒரு பெரியவர் வழியாகச் சமரசத்துக்கு ஆள் வந்தது.

323 சமரசம் செய்யக்கூடிய குற்றம். மேல்முறையீட்டு நிலையிலும் நீதிமன்ற அனுமதியோடு செய்யலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருந்தது. சமரசம் ஏற்கப்பட்டால் சட்டத்தில் அது விடுதலைக்குச் சமம். தண்டனை போனால் அதன் மேல் நின்ற செலவு உத்தரவும் போய்விடும். கட்டிய 8,200 ரூபாய் கடைக்காரருக்கே திரும்பிவிடும். பெரிய மனிதர்கள் முன்னால் கைகுலுக்கிவிட்டு வந்த பிறகு இதைக் கேட்டால் பேராசை என்பார்கள். அதனால் கூட்டு மனுவிலேயே மூன்றைச் சேர்த்து எழுதினோம்: கையாலையை உடைத்து, அளந்து, மூன்றடி வழி விடுவது, கோர்ட்டில் உள்ள தொகையை மனைவி எடுத்துக்கொள்ளச் சம்மதம், எதிர்வழக்கில் ஆன செலவுக்கென்று கடைக்காரர் 20,000 ரூபாய் தருவது. மனைவி முதலில் 50,000 கேட்டார். அப்போதுதான் கடைக்காரர் தன் 60,000 கதையைச் சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 20,000-ல் நின்றது. வழி திறந்ததும் பணம் கைக்கு வந்ததும் உறுதியான பிறகே கையெழுத்து. 2019 டிசம்பரில் மேல்முறையீடு முடிந்தது.

பொய் வழக்குப் போட்டதற்கு நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடும் வழியும் இருந்தது. விடுதலையான நாளிலிருந்து ஓராண்டு காலவரம்பு. அதில் நியாயமான காரணம் இல்லாமை, கெட்ட நோக்கம் இரண்டையும் வாதிதான் மெய்ப்பிக்க வேண்டும். 250-ல் நீதிபதி சொன்ன அதே காரணம் அங்கேயும் குறுக்கே நிற்கும். சமரசத்தில் அந்த உரிமையையும் விட்டுக்கொடுத்தார்கள்.

இன்று இதே வழக்கு வந்தால்

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன: பழைய 250 இப்போது 273, 357 இப்போது 395, 358 இப்போது 399, 359 இப்போது 400. சாராம்சம் ஏறக்குறைய அதேதான், தொகைகளில் வித்தியாசம் உண்டு. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அபராத வரம்பு 50,000 ஆகிவிட்டதால் 273-ல் கிடைக்கக்கூடிய இழப்பீட்டின் உச்சமும் உயர்ந்துவிட்டது. சாதாரணக் காயத்துக்கான அபராதம், தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 115(2)-ல், 10,000 வரை போகலாம். வீண் கைதுக்கான 1,000 மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன் என்று யாராவது கேட்க வேண்டும். தனிநபர் புகாரில், கோர்ட் கோப்புக்கு எடுக்கும் முன்பே எதிரியின் பேச்சைக் கேட்க வேண்டும் என்ற புது நிபந்தனையால் புகார்தாரருக்கு ஆரம்பத்திலேயே ஒன்றிரண்டு வாய்தா கூடும். மனைவி மாதிரி ஒருவருக்கு அது இன்னும் சில நாள் கூலி.

நடைமுறையில் மாற வேண்டியது முதல் நாள்தான். மகனைக் காவலுக்கு அனுப்பும்போது கேட்ட கேள்விக்கு ஆம் என்று பதில் வந்திருந்தால் ஜாமீனுக்குப் போன 20,000 வீட்டிலேயே இருந்திருக்கும். இப்போது குற்ற வழக்குகளின் தற்காப்புக்கென்றே முழுநேர வழக்கறிஞர்களை அமர்த்தும் முறையைத் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022-லிருந்து மாவட்டங்களில் கொண்டுவந்திருக்கிறது; 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். காவலில் இருப்பவரின் வீட்டார் நாகர்கோவிலிலோ வட்ட நீதிமன்றத்திலோ உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாலும் போதும்.

தனிநபர் புகார் எடுத்து வருகிறவர்களிடம் நான் இப்போது முதல் சந்திப்பிலேயே செலவுப் பட்டியலுக்கு ஒரு தாளைக் கொடுத்துவிடுகிறேன். முன்பு வேறு வழக்கறிஞரிடம் போயிருந்தால், கோப்பை வாங்கும்போதே கட்டண ரசீதையும் கேட்டு வாங்கச் சொல்கிறேன். வருஷம் கழித்துப் போய்க் கேட்டால் கிடைப்பது அரிது. எஃப்.ஐ.ஆரில் புகார்தாரராக இருப்பவர் தனக்கென்று வழக்கறிஞர் வைக்கலாமா என்று கேட்டால், அரசு வழக்கறிஞரை ஒருமுறை நேரில் பார்த்துச் சாட்சிகளின் விவரத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் தேவை என்று தோன்றினால் யோசிக்கலாம் என்கிறேன். பாதிப் பேர் அதற்குப் பிறகு வருவதில்லை.

மகன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். போலீஸ் சான்று வாங்கும்போது விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் தேவைப்பட்டது. அதற்கான கட்டணத்தையும் அவன்தான் கட்டினான்.